பின்தொடர்பவர்கள் வேறு, முகவரி தந்தவர்கள் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறுதொழில்கள் சமூக ஊடகங்களின் துணையோடு வளர்வதைப் பற்றித் தங்கள் நாளிதழின் வணிகப் பகுதியில் அண்மையில் வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். கையில் பெரிய முதலீடு இல்லாதவர்களும் தங்கள் பொருளைப் பலர் கண்ணில் படும்படி வைக்க முடியும் என்ற நம்பிக்கையை அது ஊட்டியதற்காக முதலில் என் நன்றி. ஆனால் அந்தக் கட்டுரை தொடக்கம் முதல் இறுதி வரை, ஒரு கணக்கைப் பின்தொடர்பவர்கள் எத்தனை பேர் என்ற ஒரே எண்ணைத்தான் வளர்ச்சியின் அளவாக எடுத்துக்கொண்டிருந்தது. மின்னஞ்சலைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. கையால் தைத்த குறிப்பேடுகளைச் செய்து, ஒன்பது ஆண்டுகளாக இணையத்தின் வழியே மட்டும் விற்றுவருபவர் என்ற முறையில், அந்த எண்ணை நம்பி நான் பட்ட பாட்டையும் அதற்குப் பிறகு கற்றுக்கொண்டதையும் இப்போது இதே வழியில் இறங்கியிருப்பவர்களுக்குச் சொல்லியாக வேண்டும் என்று நினைக்கிறேன்.

தொழில் தொடங்கிய நான்காம் ஆண்டில் ஒரு நாள் காலை என் சமூக ஊடகக் கணக்கு முடக்கப்பட்டிருந்தது. விதிகளை மீறியதாக ஒற்றை வரி அறிவிப்பு. எந்த விதி, எந்தப் பதிவு என்ற விளக்கம் இல்லை. மறுபரிசீலனை கேட்டு விண்ணப்பித்தேன். வந்த பதில்கள் அனைத்தும் முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டவை என்பது ஒரே வாசகம் மூன்று முறை வந்தபோது விளங்கியது. 11 நாள்கள் கழித்து, முடக்கியதற்கு எப்படிக் காரணம் சொல்லவில்லையோ அப்படியே திறந்ததற்கும் காரணம் சொல்லாமல் கணக்கைத் திருப்பிக் கொடுத்தார்கள். அப்போது என்னைப் பின்தொடர்ந்தவர்கள் 14,000 பேருக்கு மேல். அந்த 11 நாள்களில் அவர்களில் ஒருவருக்குக்கூட, ‘தொழில் நிற்கவில்லை, உங்கள் ஆர்டர் வந்து சேரும்’ என்று அந்தத் தளத்தின் வழியே தெரிவிக்க எனக்கு வழி இருக்கவில்லை. முன்பணம் கட்டியிருந்த சிலர் நான் ஏமாற்றிவிட்டு ஓடிவிட்டதாக நினைத்தார்கள் என்பதைப் பிறகு அறிந்தபோது ஏற்பட்ட வேதனை இன்றும் ஆறவில்லை. பழைய பில் புத்தகங்களைப் புரட்டி, பொருளை அனுப்புவதற்காக வாங்கியிருந்த மின்னஞ்சல் முகவரிகளை ஒவ்வொன்றாக எடுத்து எழுதியபோது தேறியவை 312. ஆர்டர் கொடுத்திருந்தவர்கள் பலர் அதில் இருந்தார்கள். அன்று என் தொழிலைக் காப்பாற்றியவை அந்த 312 முகவரிகள்தாம்.

இதைத் தனி ஒருவருக்கு நேர்ந்த விபத்து என்று ஒதுக்கிவிட முடியாது. ஒரு காலத்தில் கோடிக்கணக்கானவர்கள் கூடியிருந்த ஆர்க்குட் 2014 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டது. ஆறு விநாடிக் காணொளிகளுக்குப் பெயர்பெற்ற வைன் 2017 ஜனவரியில் நின்றது. கூகுள் பிளஸ் பொதுமக்களுக்கான சேவையை 2019 ஏப்ரலில் முடித்துக்கொண்டது. 2021 அக்டோபர் 4 அன்று, உள்கட்டமைப்பில் செய்யப்பட்ட ஒரு தவறான மாற்றத்தால் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் ஆகிய மூன்றும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் உலகம் முழுவதும் ஒருசேர இயங்காமல் போயின. விளம்பரம், ஆர்டர், வாடிக்கையாளரோடு பேச்சு ஆகிய அனைத்தையும் அந்த மூன்றின் மேலேயே வைத்திருந்த சிறு வணிகர்களுக்கு அன்றைய பொழுதில் கடையே இல்லை. தளம் இயங்கிக்கொண்டிருக்கும்போதும் நிலைமை முற்றிலும் பாதுகாப்பானதன்று. இன்ஸ்டாகிராமில் பதிவுகள் வெளியான வரிசையிலேயே தோன்றிய முறை 2016இல் மாற்றப்பட்டது. 2018 ஜனவரியில் ஃபேஸ்புக், வணிக நிறுவனங்களின் பதிவுகளைவிட நண்பர்கள், குடும்பத்தினரின் பதிவுகளுக்கு முன்னுரிமை தரப்போவதாக வெளிப்படையாகவே அறிவித்தது. அந்த நிறுவனங்களைக் குறைகூறுவது என் நோக்கமன்று. ஒருவர் ஒரு நாளில் பார்த்து முடிக்கக் கூடியதைவிடப் பல மடங்கு பதிவுகள் குவியும்போது எதைக் காட்டுவது, எதை விடுவது என்று யாரோ தீர்மானிக்கத்தான் வேண்டும். அந்தத் தீர்மானம் நம்முடையதாக இருக்காது என்பதையும், அது எந்த நாளிலும் மாறலாம் என்பதையும் தெரிந்துகொண்டு தொழிலை அமைக்க வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள்.

அப்படியானால் சமூக ஊடகத்தை விட்டுவிடலாமா என்று கேட்டால், கூடவே கூடாது என்பேன். நம்மை அறியாதவர் நம் வேலையைக் காண்பதற்கு அதைப் போன்ற இடம் வேறு இல்லை. தொடக்கத்தில் நான் முடிந்த குறிப்பேடுகளை அழகாக அடுக்கிப் படம் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். பாராட்டு வந்தது, ஆர்டர் வரவில்லை. ஒரு நாள், பசை பைண்டிங் செய்த ஏட்டையும் ஃபாரம் ஃபாரமாக, அதாவது மடித்த தாள்களைச் சிறு கட்டுகளாகச் சேர்த்துத் தைத்த ஏட்டையும் மேசையில் அருகருகே விரித்துவைத்து, ஒன்று தானாக மூடிக்கொள்வதும் மற்றொன்று விரித்தபடியே கிடப்பதும் ஏன் என்று ஒரு நிமிடக் காணொளியில் விளக்கினேன். தாளின் நார் ஓட்டம் ஏட்டின் முதுகுக்கு இணையாக இருந்தால்தான் பக்கங்கள் எளிதாகப் புரளும், குறுக்காக இருந்தால் எவ்வளவு நன்றாகத் தைத்தாலும் விறைத்துக்கொண்டு நிற்கும் என்பதையும் காட்டினேன். அந்த ஒரு காணொளியின் கீழ் வந்த கேள்விகளுக்குப் பதில் எழுதவே எனக்கு மூன்று மாலைப் பொழுதுகள் ஆயின. இடது கையால் எழுதுபவர், மைப்பேனா வைத்திருப்பவர், மாணவர், கணக்கு எழுதுபவர் என்று ஒவ்வொருவரும் தங்கள் குறையைச் சொன்னார்கள். எந்த ஆய்வுக்கும் செலவு செய்யாமல், என் பொருள் யாருக்கு, எதற்குத் தேவை என்பதை அந்தக் கேள்விகளிலிருந்தே தெரிந்துகொண்டேன். விற்கும் பொருளைக் காட்டுவதைவிட வேலையைக் காட்டுவதும், பதிவு போடுவதைவிடப் பதில் எழுதுவதும் மேல் என்பது என் அனுபவம். தனியாளாகத் தொழில் செய்பவர் ஐந்து தளங்களில் கணக்குத் திறந்து ஐந்திலும் அரைகுறையாக இருப்பதைவிட, தன் வாடிக்கையாளர்கள் உண்மையில் புழங்கும் ஒரு தளத்தைத் தேர்ந்து அங்கே வரும் ஒவ்வொரு கேள்விக்கும் மறுமொழி தருவது நல்லது.

பின்தொடர்பவர்களைப் பணத்துக்கு வாங்கித் தருவதாகச் சொல்பவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. அந்தக் கணக்குகளுக்குப் பின்னால் வாங்கக் கூடிய மனிதர் எவரும் இல்லை. எண்ணிக்கையைப் பார்த்துப் பூரிப்பதற்கு மேல் அவற்றால் ஒரு பயனும் இல்லை.

இனி, கட்டுரை தொடாமல் விட்ட மின்னஞ்சலுக்கு வருகிறேன். 1971இல் ரே டாம்லின்சன் ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்கு முதல் மடலை அனுப்பியபோது பயனர் பெயரையும் கணினியின் பெயரையும் பிரிக்க அவர் தேர்ந்த ‘@’ குறியைத்தான் இன்றும் பயன்படுத்துகிறோம். இத்தனை பழைய கருவி இன்னும் நிலைத்திருப்பதற்குக் காரணம், அதற்குத் தனி உரிமையாளர் எவரும் இல்லை என்பதுதான். 1982இல் வெளியிடப்பட்ட எஸ்.எம்.டி.பி. என்னும் பொதுவான நெறிமுறையின் வழிவந்த வடிவத்தைத்தான் எல்லா மின்னஞ்சல் சேவைகளும் இன்று பின்பற்றுகின்றன. அதனால் ஒரு நிறுவனத்தின் சேவையிலிருந்து அனுப்பும் மடல் வேறொரு நிறுவனத்தின் சேவையில் இருப்பவருக்குத் தடையின்றிச் சென்று சேர்கிறது. மடல் அனுப்பித் தரும் சேவை பிடிக்கவில்லையென்றால், முகவரிப் பட்டியலை ஒரு கோப்பாக இறக்கிக்கொண்டு மறுநாளே வேறு சேவைக்கு மாறிவிடலாம். பின்தொடர்பவர்களை அப்படி ஒரு தளத்திலிருந்து மற்றொரு தளத்துக்கு எடுத்துச் செல்ல முடியாது. சிறுதொழில் செய்பவருக்கு இந்த ஒரு வேறுபாடே போதும் என்று நான் கருதுகிறேன்.

இந்த இடத்தில் நான் செய்த பெரிய தவறையும் ஒளிக்காமல் எழுத வேண்டும். 312 முகவரிகளின் அருமை தெரிந்த பிறகு, அந்தப் பட்டியலைப் பொறுமையாக வளர்ப்பதற்குப் பதிலாக, ஒரு தரகரிடமிருந்து 6,000 முகவரிகளை மொத்தமாக வாங்கினேன். ஒரே நாளில் அத்தனை பேருக்கும் மடல் அனுப்பினேன். பல முகவரிகள் எப்போதோ செயலிழந்தவை. மடல்கள் திரும்பி வந்தன. உயிரோடிருந்த முகவரிகளுக்கு உரியவர்கள், தாங்கள் கேட்காத மடல் வந்ததால் அதை ‘ஸ்பேம்’, அதாவது வேண்டாத மடல், என்று குறித்தார்கள். அவர்கள் செய்ததில் எந்தத் தவறும் இல்லை. மின்னஞ்சல் சேவைகள், மடல் எந்த டொமைனிலிருந்து (முகவரியில் ‘@’ குறிக்குப் பின் வரும் பெயர்) வருகிறது, அதிலிருந்து வருபவற்றைப் பெறுபவர்கள் எப்படி நடத்துகிறார்கள் என்பதைக் கணக்கில் வைத்துத்தான் அடுத்த மடலை இன்பாக்ஸில் போடுவதா, ஸ்பேமில் தள்ளுவதா என்று முடிவெடுக்கின்றன. ஆகவே தண்டனை அந்த 6,000 மடல்களோடு நிற்கவில்லை. என்னிடம் பல ஆண்டுகளாக வாங்கிவந்தவர்களுக்கு நான் தனித்தனியாக எழுதிய பதில்களும், பில்களும்கூட ஸ்பேமில் போய் விழுந்தன. பழைய நிலைக்குத் திரும்ப ஏழு மாதங்கள் பிடித்தன. அந்த ஏழு மாதங்களும் ஒவ்வொரு வாடிக்கையாளரையும் தொலைபேசியில் அழைத்து, ‘ஸ்பேமில் பாருங்கள்’ என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

கேட்காதவருக்கு மொத்தமாக மடல் அனுப்பும் வழக்கம் ஏறத்தாழ மின்னஞ்சல் அளவுக்கே பழமையானது. 1978 மே மாதத்தில் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷனைச் சேர்ந்த கேரி துர்க், தங்கள் புதிய கணினியின் செயல்விளக்கத்துக்கு அழைப்பு விடுத்து இணையத்தின் முன்னோடியான அன்றைய அர்பாநெட்டில் ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே மடலை அனுப்பினார். உடனே கண்டனம் எழுந்தது. அன்று கண்டனத்தோடு முடிந்தது. இன்று அதற்கு அளவுகோல்களே வந்துவிட்டன. 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5,000 மடல்களுக்கு மேல் அனுப்புபவர்கள், ஒரே சொடுக்கில் விலகும் வசதியைத் தர வேண்டும். தங்கள் மடல்களை ஸ்பேம் என்று குறிப்பவர்களின் விகிதம் 0.3 சதவீதத்தை எட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதாவது 1,000 மடல்களுக்கு மூன்று பேர் வெறுத்தாலே ஆபத்து. நம்மைப் போன்றவர்கள் நாளொன்றுக்கு 5,000 மடல்கள் அனுப்பப் போவதில்லை என்றாலும், நம் மடல்களையும் இதே கண்ணோடுதான் மின்னஞ்சல் சேவைகள் பார்க்கின்றன.

எனவே முகவரியைக் கேட்டுப் பெறுவதைத் தவிர வேறு வழி இல்லை. எதற்காகக் கேட்கிறோம், மாதத்துக்கு எத்தனை மடல் வரும், அதில் என்ன இருக்கும் என்பதை அந்த இடத்திலேயே சொல்லிவிட வேண்டும். பெயரைப் பதிந்தவருக்கு உறுதிசெய்யும் மடல் ஒன்றை அனுப்பி, அதில் உள்ள இணைப்பை அவர் சொடுக்கிய பிறகே பட்டியலில் சேர்ப்பது இன்னும் நல்லது. தட்டச்சுப் பிழையுள்ள முகவரிகளும், பிறர் பெயரில் யாரோ பதிந்தவையும் அங்கேயே நின்றுவிடும். என் பட்டியல் இப்படி வளர்ந்ததால் அதன் வேகம் மிகக் குறைவு. சில வாரங்களில் இரண்டே பேர் சேர்ந்திருக்கிறார்கள். ஆனாலும் காணொளியின் கீழ் கேள்வி கேட்டவருக்கு, ‘இதைப் பற்றி விரிவாக அடுத்த மடலில் எழுதுகிறேன், விரும்பினால் பதிந்துகொள்ளுங்கள்’ என்று சொல்லும்போது வந்து சேர்பவர், உண்மையாகவே படிக்க வருகிறார். சமூக ஊடகத்தையும் மின்னஞ்சலையும் எதிரெதிராக நிறுத்தாமல், முதலாவதில் அறிமுகமாகி இரண்டாவதில் பேச்சைத் தொடர்வது என்ற முறை எனக்கு இப்படித்தான் அமைந்தது.

சட்டத்தின் பக்கத்தையும் மறந்துவிடக் கூடாது. இணையத்தில் விற்பவருக்கு ஆர்டர் எந்த நாட்டிலிருந்தும் வரலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறையின்படி, ஒப்புதலைத் தருவது எவ்வளவு எளிதோ திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும். முன்பே ‘டிக்’ செய்து வைத்த கட்டம் ஒப்புதலாகாது. அமெரிக்காவில் 2003இல் இயற்றப்பட்ட கேன்-ஸ்பேம் சட்டம், வணிக மடலில் அனுப்புபவரின் அஞ்சல் முகவரி இருக்க வேண்டும் என்றும், விலக விரும்புபவரை 10 வேலை நாள்களுக்குள் விலக்கியாக வேண்டும் என்றும் கூறுகிறது. விலகும் இணைப்பைக் கண்ணுக்குத் தெரியாத சிறு எழுத்தில் ஒளித்துவைப்பவர்களைப் பார்க்கிறேன். விலக வழி தெரியாதவர் அடுத்து அழுத்துவது ‘ஸ்பேம்’ பொத்தானைத்தான். அதைவிட அவர் நல்லபடியாக விடைபெற்றுச் செல்வது இரு தரப்புக்கும் நல்லது.

மடலில் என்ன எழுதுவது என்பதில் பலர் தடுமாறுகிறார்கள். ஒரு மடலுக்கு ஒரு செய்தி போதும். படங்களையும் வண்ணங்களையும் நிரப்பிய மடல்களைவிட, தெரிந்தவருக்கு எழுதுவதைப் போல வெறும் எழுத்தில் நான் எழுதியவற்றுக்கே அதிகப் பதில் வந்தது. வழக்கமாக வாங்கும் தாள் சந்தையில் கிடைக்காமல் போன மாதத்தில், மாற்றுத் தாளில் மை சற்று ஊறும் என்பதை மறைக்காமல் எழுதி, வேண்டாமென்றால் பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்றும் சொன்னேன். காத்திருந்த 40 பேரில் பணத்தைத் திரும்பக் கேட்டவர்கள் இருவர். மற்றவர்கள், ‘பழைய தாள் வரும்போது சொல்லுங்கள்’ என்று பதில் எழுதினார்கள். அப்படிப் பதில் எழுதுவதற்கு இடம் இருக்க வேண்டும் என்பதால், பதில் அனுப்ப முடியாத முகவரியிலிருந்து மடல் அனுப்பும் பெரிய நிறுவனங்களின் பழக்கத்தைச் சிறுதொழில் செய்பவர்கள் தயவுசெய்து பின்பற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மடலின் தலைப்பு வரி, உள்ளே இருப்பதை அப்படியே சொல்லட்டும். திறக்கவைப்பதற்காகச் செய்யும் தந்திரம் ஒரு முறை பலிக்கும், இரண்டாம் முறை அந்த வாசகர் நம்மை நம்பமாட்டார்.

எத்தனை பேர் மடலைத் திறந்தார்கள் என்று காட்டும் எண்ணையும் அளவுக்கு மீறி நம்ப வேண்டியதில்லை. மடலுக்குள் வைக்கப்படும் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு படம் தரவிறக்கப்படுவதை வைத்துத்தான் அந்தக் கணக்கு எடுக்கப்படுகிறது. 2021இல் ஆப்பிள் தன் மெயில் செயலியில் கொண்டுவந்த தனியுரிமைப் பாதுகாப்பு, பயனர் மடலைத் திறக்காவிட்டாலும் அந்தப் படத்தை முன்கூட்டியே இறக்கிவிடுவதால், திறக்காத மடலும் திறந்ததாகக் கணக்கில் ஏறுகிறது. எத்தனை பதில் வந்தது, எத்தனை ஆர்டர் வந்தது, எத்தனை பேர் விலகினார்கள் என்ற மூன்றையும் ஒரு நோட்டில் எழுதிவருகிறேன். அதற்கு மேல் எனக்குத் தேவைப்படவில்லை.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு விண்ணப்பமும் உண்டு. சொந்த டொமைனிலிருந்து மடல் அனுப்புபவர்கள் எஸ்.பி.எஃப்., டிகேஐஎம், டிமார்க் என்ற மூன்று அமைப்புகளைச் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. நம் டொமைனின் பெயரில் எந்தச் சர்வர்கள் மடல் அனுப்பலாம் என்பதை முதலாவது அறிவிக்கிறது. மடல் வழியில் திருத்தப்படவில்லை என்பதற்கு மின்னணுக் கையொப்பத்தால் இரண்டாவது சான்று தருகிறது. இந்தச் சோதனைகளில் தவறும் மடலை என்ன செய்வது என்று மூன்றாவது சொல்கிறது. இவற்றைச் செய்துகொள்ள எனக்கு உதவியவர் ஒரு நண்பரின் மகள். அப்படி ஒருவர் கிடைக்காதவர்கள் கட்டணம் கேட்பவர்களிடம் சென்று ஏமாறுகிறார்கள். கணக்குகளுக்கு இருபடிச் சரிபார்ப்பை (கடவுச்சொல்லோடு இன்னொரு சோதனையையும் கேட்கும் முறை) அமைப்பது, முகவரிப் பட்டியலை மாதந்தோறும் தனிக் கோப்பாக எடுத்துவைத்து அதைப் பிறர் கையில் சிக்காமல் காப்பது போன்றவற்றையும் எளிய தமிழில், படங்களோடு, படிப்படியாக விளக்கும் ஒரு தொடரைத் தங்கள் வணிகப் பகுதியில் வெளியிட்டால் என்னைப் போன்ற பலருக்கு உதவியாக இருக்கும். தேவைப்பட்டால், வாங்கிய பட்டியலால் எனக்கு நேர்ந்ததை, திரும்பி வந்த மடல்களின் பிழைச் செய்திகளோடு, எடுத்துக்காட்டாகத் தர நான் தயாராக இருக்கிறேன். அவற்றை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
குறிப்பேடு தைக்கும் சிறுதொழில் நடத்திவரும் வாசகர்